வாசல் நிறைய செருப்பு

1

போன ஞாயிற்றுக்கிழமை, உள்ளே ஜெபம் பாதியில் இருக்கும்போது, கீழ்வீட்டு அண்ணாச்சி படியேறி வந்தார். எங்கள் வாசலில் கிடந்த செருப்புகளையும், அவற்றின் நடுவில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

கீழ்வீட்டு அண்ணாச்சி என்பது எங்கள் வீட்டுக்குள் மட்டும் புழங்கும் பெயர். அவருடைய உண்மையான பெயர் வால்டர். தீயணைப்புப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜெர்மன்காரர். தூத்துக்குடிக்காரன் எந்த நாட்டில் குடியேறினாலும் வயதில் மூத்தவர் ஒருவர் முறைத்துப் பார்த்தால் அவர் அண்ணாச்சிதான்.

"இது என்ன?" என்று கேட்டார்.

ஜெர்மன் மொழியில் யோசிக்காமல் எனக்கு வாயில் வருவது மூன்றே வாக்கியங்கள். ஒன்று வணக்கம். இரண்டு, மன்னிக்க வேண்டும். மூன்றாவது, வேலை செய்யும் இடத்தில் தினமும் சொல்லிச் சொல்லிப் பழகியது: கண்டெய்னர் இன்னும் வந்து சேரவில்லை. பதற்றத்தில் மூன்றாவதைச் சொல்லிவிட்டேன்.

அவர் மறுபடியும் செருப்புகளைப் பார்த்தார். பிறகு, "உங்கள் மகளைக் கூப்பிடுங்கள்" என்றார்.

நான் ஏன் அங்கே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவு செருப்பு எங்கிருந்து வந்தது என்பதை ஊரில் இருக்கிற உங்களுக்கு முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

2

நான் கிறிஸ்தவன் இல்லை. அப்பா தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடையைத் திறந்ததும் முதல் சூடம் திருச்செந்தூர் முருகனுக்கு, அதற்குப் பிறகுதான் தராசைத் தொடுவார். என் மனைவி எஸ்தர் கோயில் பாடகர் குழுவில் பாடியவள். எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களும் கோயில் என்றுதான் சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் எங்களுடையது ஏதோ புரட்சிக் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு கை கொடுப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. எங்கள் குடும்பங்களில் பெரியப்பா மாலை போட்டுத் திருச்செந்தூருக்கு நடப்பார், சித்தப்பா கிறிஸ்துமஸுக்குக் கோயில் உச்சியில் ஏறி நட்சத்திரம் கட்டுவார். இரண்டு பேருக்கும் சண்டை வருவது சொத்து பிரிக்கும்போது மட்டும்தான்.

கல்யாணமான புதிதில் ஞாயிறுதோறும் எஸ்தரைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு எதிர்த்த டீக்கடையில் நிற்பேன். என்னைப் போலவே வாசலோடு நின்றுவிடுகிற மாப்பிள்ளைமார் இன்னும் நாலைந்து பேர் உண்டு. டீக்கடைக்காரர் எங்களுக்கு 'வெளிச்சபை' என்று பெயர் வைத்திருந்தார். பிரசங்கம் நீண்டால் இரண்டாவது டீ. இன்னும் நீண்டால் ஒரு மக்ரூன். என்னுடைய ஆன்மிக அனுபவம் மொத்தமும் இவ்வளவுதான்.

தூத்துக்குடித் துறைமுகத்தில், சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இப்போது ஜெர்மனியின் வடக்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் கண்டெய்னர் யார்டு ஒன்றில் வேலை. அங்கேயும் பெட்டி, இங்கேயும் பெட்டி. எப்போதாவது தூத்துக்குடியில் ஏற்றிய பெட்டி ஒன்று வந்து இறங்கும். வந்த முதல் வருஷம் அப்படி ஒரு பெட்டியின் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கூட வேலை செய்கிறவன் எனக்கு மயக்கம் வருகிறது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தான். இப்போது சீல் நம்பரைச் சரிபார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறேன்.

3

போன மழைக்காலத்தில் எஸ்தரின் அம்மா ஊரில் தவறிப்போனார்.

அந்த நேரம் பார்த்து எஸ்தரின் குடியிருப்பு அனுமதி அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. பழையது காலாவதி. புதியது எங்கேயோ அச்சாகிக்கொண்டிருந்தது. நடுவில் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வர ஒரு தற்காலிகத் தாள் வேண்டும். அந்தத் தாளைக் கேட்பதற்கே முன்கூட்டி நேரம் வாங்க வேண்டும். கிடைத்த நேரம் அடுத்த வாரம். அடக்கமோ மறுநாள் சாயங்காலம்.

ஆகவே போனில் பார்த்தோம். எஸ்தரின் சித்தி மகன் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். முதலில் முகத்தைக் காட்டினான். பிறகு அவனுக்கே அழுகை வந்துவிட்டது, கை தாழ்ந்துவிட்டது. அதன் பிறகு போனில் தெரிந்தது வாசல் மட்டும்தான். வாசல் முழுக்கச் செருப்பு. ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கறுப்பு ஷூ, ஒன்றின் மேல் ஒன்றாக நடை தாண்டித் தெருவரை கிடந்தன. அடக்க ஆராதனையைக் காதால் கேட்டோம். கண்ணால் பார்த்தது அந்தச் செருப்புகளைத்தான்.

அன்றைக்கு எங்கள் வீட்டு அழைப்புமணி ஒரே ஒரு தடவை அடித்தது. கீழ்வீட்டு அண்ணாச்சிக்கு வந்த பார்சல். அவர் வீட்டில் இல்லாததால் எஸ்தர் கையெழுத்துப் போட்டு வாங்கிவைத்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சாதாரணமாகச் சொன்னாள். "அம்மைக்கு வாசல் நெறையக் கெடந்துச்சு, பாத்தியளா?"

"ம்."

"நான் செத்தா இங்கன எத்தன சோடி கெடக்கும்?"

நான் சோற்றைப் பிசைந்தேன். மகள் ஷீபா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. வீட்டில் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். அன்று எந்த மொழியிலும் சொல்லவில்லை.

"இந்தப் பனிக்காலம் முடியட்டும். நான் ஊருக்குப் போயிருதேன். அப்பா அங்கன தனியா இருக்காவ. நீங்களும் பிள்ளையும் இங்கன இருங்க" என்றாள். சண்டைக் குரல் இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டது என்பது போலச் சொன்னாள். மறுநாள் பெரிய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிக் கட்டிலின் கால்மாட்டில் திறந்து வைத்தாள். உள்ளே இரண்டு சேலை.

"பிளைட்டுல இருபத்து மூணு கிலோவுக்கு மேல விடமாட்டான் கேட்டியா" என்றேன். நான் சொல்லும் அரைவேக்காட்டு நகைச்சுவைக்கெல்லாம் இத்தனை வருஷம் சிரித்தவள், அன்று சிரிக்கவில்லை.

குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மாமியாருக்கும் வரவில்லை, இதற்கும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே தொட்டுப் பார்த்தால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. பயம் ஒன்றுதான் மரத்துப்போகவில்லை. அது மட்டும் நல்ல ஆரோக்கியமாக இருந்தது.

4

எஸ்தர் தூங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். டேனியல் அண்ணாச்சிக்கு. அவர் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், எஸ்தர் பாடிய பாடகர் குழுவின் தலைவர், அந்தக் கோயிலின் மிஷனரிப் பணிக்கும் அவர்தான் பொறுப்பு.

"அண்ணாச்சி, இங்கன ஒரு வீட்டுச் சபை ஆரம்பிக்கணும். ஊர்ல இருந்து ரெண்டு பேரு வந்து நடத்திக் குடுத்தா நல்லா இருக்கும்."

அந்தப் பக்கம் யாரோ ஆணி எடை போடும் சத்தம் கேட்டது.

"ஏலே மாப்ள, நீ கோயிலுக்குள்ளயே வரமாட்டியே. ஒனக்கு எதுக்குல சபை?"

"ஆளுவ வேணும் அண்ணாச்சி. இல்லாட்டி எஸ்தர் ஊருக்கு வந்துருவேங்கா."

"அத மொதல்ல சொல்லணும்லா" என்றார். "நமக்கு வேதத்தக் கொண்டாந்ததே அந்தப் பக்கத்து வெள்ளக்காரன்தான். இப்ப நாம கொண்டு போறோம். கமிட்டியில இது எடுபடும்."

எடுபட்டது. அவரும் ரூபி டீச்சரும் வருவதாக முடிவானது. ரூபி டீச்சர் எஸ்தருக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் சொன்னவர், ஓய்வு பெற்ற ஆசிரியை. பத்துப் பன்னிரண்டு நாள் தங்குவார்கள். அழைப்புப் படிவத்தில் 'வருகையின் நோக்கம்' என்ற கட்டத்தில் 'உறவினரைப் பார்க்க' என்று போட்டுவிடலாம் என்றேன். அண்ணாச்சி விடவில்லை. "கர்த்தருக்க வேலைக்குப் போறவன் பொய்யச் சொல்லிட்டால போவான்?" உள்ளதை உள்ளபடி எழுதினேன். விசா வந்துவிட்டது. ஆனால் என் பதற்றம் அதோடு அடங்கவில்லை. வீட்டில் சபை நடத்த அனுமதி வாங்காவிட்டால் நாடு கடத்திவிடுவார்களோ என்று தோன்ற ஆரம்பித்தது. அது தோன்றிய பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் ஒரு பெண். ஷீபா எழுதிக் கொடுத்ததை வாசித்தேன்: நாங்கள் எங்கள் வீட்டில் ஜெபம் பண்ண விரும்புகிறோம், அதற்கு எந்த விண்ணப்பம்?

அவள் கம்ப்யூட்டரில் தேடினாள். பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாள். பிறகு என்னிடம், "எத்தனை பேர்?" என்றாள்.

"பத்துப் பேர் இருக்கலாம்."

"சாப்பிடுவார்களா?"

"கட்டாயம் சாப்பிடுவார்கள்."

"அப்படியானால் அவர்கள் விருந்தாளிகள். விருந்தாளிக்கு விண்ணப்பம் இல்லை" என்றாள். நான் போகாமல் நின்றேன். எங்கள் துறைமுகத்தில் முத்திரை குத்தாமல் ஒரு ஆணிப் பெட்டி கூட வெளியே போகாது. எதிலாவது ஒரு முத்திரை குத்திக் கொடுத்தால் ராத்திரி தூங்குவேன் போலிருந்தது. "ஞாயிற்றுக்கிழமை மட்டும் சத்தம் போடாதீர்கள். அது அமைதி நாள்" என்று மட்டும் சொன்னாள். ஆராதனையே ஞாயிற்றுக்கிழமைதான் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

5

ரூபி டீச்சர் விமான நிலையத்தில் பீரங்கி மாதிரி ஒரு கோரைப்பாய்ச் சுருளோடு வந்து இறங்கினார். சோபாவில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினால் தூக்கம் வரும் என்பது அவருடைய கட்சி. அண்ணாச்சி ஒரு டப்பா நிறைய மக்ரூன் கொண்டுவந்திருந்தார், பாதி நொறுங்கியிருந்தது.

"எங்கல ஒங்க ஊர்த் தமிழாளுவ?" என்றார் அண்ணாச்சி, குளிருக்கு என் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு.

"அதான் அண்ணாச்சி தெரியல. இருக்காவன்னு சொல்லுதாவ."

அவர் யோசிக்கவே இல்லை. "கறிவேப்பில எங்க விக்கான்?"

ஆசியக் கடை ஒன்றில் வெள்ளிக்கிழமைதோறும் கறிவேப்பிலை வரும். அண்ணாச்சி அந்த வெள்ளிக்கிழமை கடை திறந்ததிலிருந்து காய்கறிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். "மூஞ்சியப் பாக்காத மாப்ள. கறிவேப்பில எடுக்க கையப் பாரு. எல எடுக்கவன் நம்மாளு, இல்ல பக்கத்து மலையாளத்தான். ரெண்டுமே பரவால்ல." வந்து எடுத்த ஒவ்வொருவரிடமும், "எந்த ஊரு தம்பி? எந்த ஊரும்மா?" கல்லாவில் இருந்த வியட்நாம்காரம்மா முதலில் முறைத்தார். சாயங்காலம் அவரே அண்ணாச்சிக்கு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

அப்படிக் கிடைத்தவர்கள்தான் எல்லாரும். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நாகர்கோவில் நர்ஸ் ஒருத்தி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் பையன்கள் நாலு பேர், பிறகு யோகன் அண்ணன் குடும்பம். யோகன் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே வந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது.

"நாங்கள் சைவ சமயம். ஆனா தமிழ்ச் சனம் சேருறதெண்டா வாறம்" என்றவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். "ஒரு விசயம், சப்பாத்தைப் படியில விடாதேங்கோ. கீழ இருக்கிற மனிசர் சண்டைக்கு வருவினம்."

அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. "கோயில் வாசல்ல செருப்புக் கெடக்காம வேற எங்க தம்பி கெடக்கும்? உள்ள போட்டுக்கிட்டு ஜெபம் பண்ண முடியுமா?"

முதல் ஞாயிறு. சோபாவைப் படுக்கையறைக்குள் தள்ளிப் பாயை விரித்தார்கள். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். செருப்பெல்லாம் படிக்கட்டில். நான் பழக்க தோஷத்தில் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன். இங்கே எதிர்த்தாற்போல் டீக்கடை இல்லை.

ரூபி டீச்சர் எட்டிப் பார்த்தார். "தம்பி, உள்ள வாரும்."

"செருப்புக்கு ஆள் வேணும்லா டீச்சர்."

"இந்த ஊர்ல எவன்வே செருப்பத் திருடப் போறான்?"

"அதான் டீச்சர். லேசான வேலை."

கதவைச் சாத்தினார்கள். அண்ணாச்சி அமைதி நாளை மனதில் வைத்துத் தொண்டையை அடக்கித்தான் பாடினார். ஆனால் ஹார்டுவேர் கடையில் லாரி இரைச்சலுக்கு மேலே விலை சொல்லிப் பழகிய தொண்டை. அதற்கு அடியில், மெல்ல, எஸ்தரின் குரல் கேட்டது. அவள் பாடிக் கேட்டு வருஷக்கணக்காகிறது. எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். நர்ஸின் ஷூ நாடா ஈரமாக இருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெபம் முடிந்ததும் எஸ்தர்தான் முதலில் கதவைத் திறந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள். செருப்புகளை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்துவிட்டு, காப்பி போட உள்ளே போனாள்.

புறப்படும் அன்று விமான நிலையத்தில் அண்ணாச்சி என் தோளில் தட்டினார். "கடையத் தெறந்து குடுத்தாச்சு மாப்ள. வாராவாரம் ஷட்டரத் தூக்க வேண்டியது ஒங்க பாடு." அவருக்கு எஸ்தரின் பெட்டியைப் பற்றித் தெரியும். அது இன்னும் கட்டிலின் கால்மாட்டில்தான் திறந்து கிடந்தது. அவர்கள் போன அன்று உள்ளே மூன்றாவது சேலை ஏறியிருந்தது.

6

அடுத்த ஞாயிறு பையன்கள் பரீட்சை என்று வரவில்லை. யோகன் அண்ணனும் அவர் மனைவியும் நர்ஸும் வந்தார்கள். எஸ்தர் காப்பிச் சட்டியோடு சமையலறையிலிருந்து வாசலை எட்டிப் பார்ப்பதை நான் பார்த்தேன். மூன்று சோடிக்கு ஒரு வாசல் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த வாரத்திலிருந்து நான் ஒரு காரியம் செய்தேன். புத்தி தெளிந்த யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். எங்கள் வீட்டு ஷூ அலமாரியிலிருந்து இரண்டு சோடியை எடுத்து வெளியே போட்டேன். என் யார்டு பூட்ஸ், ஷீபாவின் பழைய ஷூ. தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் வந்த மாதிரிதான் இருந்தது. எஸ்தர் எட்டிப் பார்த்துவிட்டுக் காப்பி ஆற்றப் போனாள். எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் பையன்களும் திரும்பி வந்தார்கள். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். இல்லை. கோடைச் செருப்பு, குளியலறைச் செருப்பு, பரணில் கிடந்த கல்யாணச் செருப்பு எல்லாவற்றையும் இறக்கினேன். கிளியரிங் அலுவலகத்தில் இருந்தபோது ஒரு கிலோ கூட்டிக் காட்டாதவன், இப்போது படிக்கட்டு இரண்டு படி கீழே வரை சபையைப் பெருக்கிவிட்டேன்.

அந்த ஞாயிறுதான் கீழ்வீட்டு அண்ணாச்சி ஏறி வந்தது.

ஷீபா வெளியே வந்தாள். ஜெபத்துக்கு அவள் வருவதில்லை. 'அம்மாவோட மீட்டிங்' என்பாள், காதில் ஹெட்போனோடு தன் அறையில் இருப்பாள். அவர் நிதானமாகப் பேசினார், அவள் எனக்குச் சொன்னாள். "தீப்பிடிச்சா எல்லாரும் இந்த வழியாத்தான் ஓடணும். இதுல தடுக்கி விழுவாங்கன்னு சொல்றார்."

அது நியாயம். ஆனால் மனிதர் அதோடு விடவில்லை. தீயணைப்புக்காரர் இல்லையா, தலை எண்ணிப் பழகியவர். திறந்த கதவு வழியாக உள்ளே ஆட்களை விரல் நீட்டி எண்ணினார். பிறகு செருப்பை எண்ணினார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

ஷீபா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உள்ள இருக்கிறவங்களை விட செருப்பு ரெண்டு மடங்கு இருக்காம். மத்தவங்க எங்கேன்னு கேக்கறார். அறைக்குள்ள யாராச்சும் தூங்கினா அவருக்குத் தெரியணுமாம்."

உள்ளே பாட்டு நின்றுவிட்டது. எஸ்தர் வாசலுக்கு வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"இது நம்ம கல்யாணச் செருப்புலா?"

நான் வாயைத் திறந்தேன். நல்லவேளை, கண்டெய்னர் வரவில்லை என்று சொல்லவில்லை.

அவள் திரும்பி நேராகப் படுக்கையறைக்குப் போனாள். பெட்டியின் சக்கரம் தரையில் உருளும் சத்தம் கேட்டது. விருந்தாளிகளெல்லாம் பாயில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, இத்தனை பேர் முன்னாலேயே கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். விமானத்துக்கு முன்பதிவு கூட இல்லையே என்றும் நினைத்தேன். அந்த நேரத்திலும் இருபத்து மூன்று கிலோ ஞாபகம் வந்தது. நான் திருந்துகிற ஜென்மம் இல்லை.

எஸ்தர் பெட்டியை நடைக்கு இழுத்துவந்து படுக்கவைத்துத் திறந்தாள். காலியாக இருந்தது. வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு சோடியாக எடுத்துப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தாள். யோகன் அண்ணனின் கறுப்பு ஷூ, நர்ஸின் வெள்ளை ஷூ, பையன்களின் பெரிய பெரிய ஷூக்கள். எங்கள் வீட்டுச் சோடி கைக்கு வந்தபோதெல்லாம் பார்க்காமலே என் பக்கம் தள்ளினாள்.

"இது வந்தவுக செருப்பு வைக்க. நம்ம வீட்டுச் செருப்ப நீங்களே கொண்டு போயி அலமாரில வைங்க."

அதற்குள் ஷீபா கீழ்வீட்டு அண்ணாச்சியோடு நீளமாக ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவர் தலையை ஆட்டினார், எஸ்தரைப் பார்த்துத் தொப்பியைக் கொஞ்சம் உயர்த்தினார், இறங்கிப் போனார்.

"என்னளா சொன்ன?" என்று கேட்டேன்.

"இனிமே செருப்பை உள்ள வைப்போம்னு."

"அதுக்கா இவ்வளவு நேரம்?"

"ஆச்சி செத்ததையும் சொன்னேன்" என்றாள். அம்மாவைப் பெற்ற ஆச்சியைப் பற்றி அவள் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து அம்மாவோடு சேர்ந்து சுவரோரம் நகர்த்தினாள். பிறகு தன் அறைக்குப் போய்விட்டாள்.

எல்லாரும் போன பிறகு பெட்டியை நான் பார்த்தேன். இங்கே பனி உறையாமல் இருக்கத் தெருவெல்லாம் உப்பு தூவுவார்கள். அது அத்தனை பேர் ஷூவிலும் ஒட்டி வந்து, பெட்டியின் அடியில் ஈரமாக வெள்ளைப் படலமாகப் படிந்திருந்தது. தூத்துக்குடிக்காரனுக்கு உப்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். உப்பு ஏற்றின பெட்டியில் துணிச் சரக்கு ஏற்ற மாட்டார்கள். நன்றாகக் கழுவிக் காயப்போட வேண்டும், அப்போதும் யோசிப்பார்கள். அடியைத் தடவிப் பார்த்தேன். யார்டு குளிரில் வெடித்த விரல். சுரீரென்று எரிந்தது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

கட்டிலில் மூன்று சேலையும் மடிப்புக் கலையாமல் கிடந்தன. எஸ்தர் காப்பித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பொட்டியக் கழுவி வெயில்ல வச்சிரட்டுமா?" என்றேன்.

"எதுக்கு? வார ஞாயித்துக்கெழம திரும்ப அழுக்காவும்லா" என்றாள்.